மொட்டைமாடியில் ஒரு மீட்டர் கேஜ் ஸ்டேஷன்

நம் வயதுக்காரர்கள் வீட்டு ஆல்பத்தில் என்னென்ன படங்கள் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். கல்யாணப் படங்கள், ஸ்டுடியோவில் திரைக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்த குழந்தைப் படம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, பணி ஓய்வு நாளில் மாலையோடு ஒன்று. கரி எஞ்சின் படம் ஒன்றாவது இருக்குமா? அநேகமாக இருக்காது.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தவர்களே குறைவு. அக்ஃபா கிளிக் 3 வைத்திருந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஒரு ரோலில் 12 படம்தான். அதை வாங்கி, கழுவி, பிரிண்ட் போட ஆகும் செலவில் யாராவது தினமும் போகிற ரயிலைப் படம் எடுப்பார்களா? போதாததற்கு ரயில் பாலங்களில் படம் எடுக்கக் கூடாது என்று போர்டு வேறு. நமக்கு ரயில் என்பது கண்ணில் விழும் கரித்தூள், ஜன்னலோர இடத்துக்குச் சண்டை, வெள்ளைச் சட்டை கறுத்துப் போனதற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்ற போட்டோகிராபர் 1955 முதல் 1960 வரை, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் நீராவி எஞ்சின்கள் போய்க்கொண்டிருந்த கடைசி வருடங்களில், ராத்திரி ராத்திரியாக ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கட்டி வைத்துப் படம் எடுத்தார். பெரும்பாலும் சொந்தச் செலவு. போகப்போகிறது என்று தெரிந்து எடுத்தார். நமக்கும் போகப்போகிறது என்று தெரியும். ஆனால் எடுக்கவில்லை. பிற்பாடு நம் ஊர்க் கரி எஞ்சின்களைத் தேடி வந்து எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள்.

எங்கள் கே.கே. நகரில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு நண்பர் இந்தக் குறையைத் தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்துக்கொண்டார். படம் இல்லையென்றால் என்ன, ஸ்டேஷனையே கட்டிவிடலாம் என்று கட்டினார். 12 அடி நீளம், இரண்டரை அடி அகலம். மாடி அறையில் 11 வருட வேலை.

என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா போடி லைனில் பாயிண்ட்ஸ்மேன். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் போகும் அந்த மீட்டர் கேஜ் பாதை 1928-ல் வந்தது. அதில் ஒரு சின்ன ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில்தான் அண்ணன் வளர்ந்தார். 2010 கடைசியில் அகலப் பாதை வேலைக்காக அந்த லைனை மூடினார்கள். தேனி வரை வண்டி திரும்ப வந்தது 2022 மே மாதம். போடி வரை வந்தது 2023 ஜூன் மாதம். லைன் மூடிக் கிடந்த அந்த வருடங்களில்தான் அண்ணன் மாடியில் ரம்பமும் பசையுமாக உட்கார்ந்தார்.

இப்போது மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு படுக்கையறை ஃபிளாட். 12 அடி ரயில்வே அங்கே நுழையாது. இந்த வீட்டையும் விற்க ஏற்பாடு ஆகிவிட்டது. "தம்பி, பிரிக்கிறதுக்கு முன்னாடி நல்லதா நாலு படம் எடுத்துக் குடு" என்று கேட்டார். என் கையில் ஒரு பழைய நிக்கான் கேமரா உண்டு என்பதும் எனக்கு வேறு வேலை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். நாலு படம் என்று ஆரம்பித்தது மூன்று வாரம் ஓடியது.

முதலில் அளவு பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில் மாதிரிகளில் உலகம் முழுக்கப் பரவலாக இருப்பது எச்.ஓ. என்ற அளவு. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது அதில் ஒரு மீட்டர். அதன் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். புனே கோத்ருடில் பாவு ஜோஷி என்பவர் உருவாக்கி 1998-ல் திறந்த சின்ன ரயில் மியூசியத்தில் ஓடும் வண்டிகள் இந்த அளவுதான். ஆனால் அது ஸ்டாண்டர்ட் கேஜ் கணக்கு. நம் மீட்டர் கேஜுக்குப் பொருத்தமான தண்டவாளமும் எஞ்சினும் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. அண்ணன் கணக்கைத் திருப்பிப் போட்டார். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தையே மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொண்டார். ஆயிரத்தை 16.5-ஆல் வகுத்தால் 60 சொச்சம். ஆக, அவர் உலகத்தில் எல்லாமே அறுபதில் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் அங்கே 28 மில்லிமீட்டர்.

எஞ்சின் ஒய்.பி. வகை. தெற்கே மீட்டர் கேஜில் நாம் எல்லோரும் பார்த்தது. 1949-லிருந்து 1970 வரை மொத்தம் 871 செய்தார்கள். நிறைய டாடாவின் டெல்கோவில் ஆனவை. கடையில் வாங்கிய ஒரு மலிவு எஞ்சினின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, மேல்பாகத்தைப் பித்தளைத் தகட்டிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் அவரே செய்தார். தண்டவாளத்துக்கு நடுவே போட்ட ஜல்லி, டீ வடிகட்டியில் சலித்த எம்-சாண்ட். பிளாட்பாரத்து மண், ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வேட்டித் துணியில் சலித்த மண். மரங்கள் காய்ந்த துளசிக் கொத்து. டெண்டரில் இருப்பது பொடித்த அடுப்புக்கரி.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்ததற்குப் பேரன் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்தால் பொம்மைக் கடை மாதிரி இருந்தது. அண்ணனுக்கு அதுதான் வருத்தம். படங்களை வரிசையாகப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. எல்லாமே நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தவை. நாம் ஓர் ஆள் உயரத்தில் நின்று பார்ப்பது அந்த ஊர்க்காரனுக்கு ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பது போல. எந்த ரயிலை நாம் அப்படிப் பார்த்திருக்கிறோம்? பிளாட்பாரத்தில் நின்றுதானே பார்த்தோம்?

நிற்பவன் கண் உயரம் 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அறுபதில் ஒரு பங்கு 27 மில்லிமீட்டர். அதாவது கேமரா லென்ஸின் நடுப்புள்ளி பிளாட்பாரத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பெரிய கேமராவை அவ்வளவு கீழே இறக்க முடியாது. அதன் அடிப்பாகம் இடிக்கும். பலகையின் ஓரத்தில், பிளாட்பாரத்துக்கு வெளியே ஸ்டாண்டைத் தாழ்த்தி வைத்து எடுக்கலாம். உள்ளே போக வேண்டுமானால் செல்போன்தான் வழி. அதைத் தலைகீழாகப் பிடித்தால் மேல் மூலையில் இருக்கும் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். வீட்டில் பேரப்பிள்ளைகளின் பொம்மைகளை இப்படி எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அப்படி முதல் படம் எடுத்ததும் போனை அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது எங்க வீட்டு வாசல்ல நின்னா தெரியிற மாதிரி இருக்கே" என்றார்.

அடுத்த பிரச்சினை தெளிவு. பொருளுக்குக் கிட்டே போகப் போக, ஃபோகஸ் ஆகும் ஆழம் குறைந்துகொண்டே வரும். எஞ்சின் முகப்பு தெளிவாக இருந்தால் பின்னால் உள்ள பெட்டிகள் கலங்கிவிடும். கலங்கினால் மூளை உடனே "இது சின்னப் பொருள்" என்று சொல்லிவிடும். நிஜ ரயிலைத் தூரத்தில் நின்று பார்க்கும்போது எல்லாமே தெளிவாகத்தானே தெரிகிறது? இதற்கு இரண்டு வைத்தியம். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி, ஸ்டாண்டில் வைத்து, சில விநாடிகள் திறந்து வைத்து எடுப்பது ஒன்று. ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்திப் பத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவது இன்னொன்று. நான் இரண்டையும் செய்தேன்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் முதல் வைத்தியத்தை வைத்தே சாதித்தவர் கலிபோர்னியாவின் மான்டெரேயில் இருந்த ஜான் ஆலன். தொழிலே போட்டோகிராபிதான். வீட்டின் கீழ்த்தளத்தில் நீராவிக் காலத்து மலை ரயில்வே ஒன்றைக் கட்டி, மிகச் சிறிய துவாரம் வைத்துப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பிடித்து ரயில்வேயில் பெரும்பகுதி அழிந்துபோனது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த ரயில்வேயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், அவர் எடுத்து வைத்த படங்களால்தான். இதை அண்ணனிடம் சொன்னபோது பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே எனக்கு போன் வந்தது.

மூன்றாவது விஷயம் வெளிச்சம். மாடி அறையில் இரண்டு டியூப் லைட். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு நிழல். உலகத்தில் சூரியன் ஒன்றுதானே? இரண்டு நிழல் விழுந்ததுமே குட்டு உடைந்துவிடும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு எல்.இ.டி. பல்பைப் பக்கவாட்டில் உயரமாக, தூரமாக வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் ஓரளவு வரும். ஆனால் நிஜ வெயிலுக்கு ஈடில்லை. நல்ல வேளையாக அவர் அந்த ரயில்வேயை மூன்று மூன்று அடியாக நாலு பகுதிகளாகச் செய்து போல்ட் போட்டு மாட்டியிருந்தார். ஸ்டேஷன் இருக்கும் பகுதியையும் தண்ணீர்த் தொட்டி இருக்கும் பகுதியையும் கழற்றி, நானும் அவருமாக மொட்டைமாடிக்குத் தூக்கினோம். மதினி கீழே நின்று, "இடுப்பு பிடிச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் நான்தான் தைலம் தேய்க்கணும்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

தை மாதக் காலை ஏழு மணி வெயில். நிழல் நீளமாக, ஒன்றே ஒன்றாக விழுந்தது. பிளாட்பாரத்து ஓட்டுக் கூரையின் விளிம்பு மண்ணில் கோடு போட்டது. எல்லாம் சரியாக வந்தது, பின்னணியைத் தவிர. கே.கே. நகர் மாடியிலிருந்து வடகிழக்கே பார்த்தால் யானைமலை தெரியும். அழகான மலை, படத்துக்கும் எடுப்பாக இருக்கும். நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினேன். அண்ணன் விடவில்லை.

"போடி லைன்ல யானைமலை எப்படிப்பா வரும்? அது மேலூர் ரோட்டுல இருக்கு. நமக்கு நாகமலைதான்."

அவர் சொல்வது நியாயம். மதுரையை விட்டு மேற்கே போகும் அந்த வண்டிக்குத் துணையாக வருவது நாகமலைதான். அவர் ஏற்கெனவே பிளைவுட் பலகையில் நாகமலையை நீலச் சாம்பல் நிறத்தில் வரைந்து வைத்திருந்தார். வானத்தையும் சேர்த்து வரைந்திருந்ததால் பலகையின் மேல் விளிம்பு படத்தில் தெரிந்தது. மலையின் முகட்டை ஒட்டியே பலகையை அறுத்துவிட்டால் மேலே நிஜ வானம் வந்துவிடும் என்றேன். அரை மணி நேரத்தில் அறுத்துவிட்டார். வரைந்த மலை, அதற்கு மேல் உண்மையான மதுரை வானம். எது முடிந்து எது தொடங்குகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை.

சின்னச் சின்னத் தொல்லைகள் நிறைய. தலைமுடி ஒன்று தண்டவாளத்தில் கிடந்தால், அறுபது மடங்குக் கணக்கில் அது துணி காயப்போடும் கொடிக்கயிறு. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்ட வேண்டும். காற்றடித்தால் பயணிகள் குப்புற விழுவார்கள். ஒரு தடவை காக்கை வந்து தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தது. அந்த ஊர்க் கணக்கில் அது 80 அடிக்கு மேல் நீளமான பறவை. அந்தப் படத்தையும் எடுத்துவிட்டேன். மதினிக்குப் பிடித்த படம் அதுதான்.

புகைக்குத்தான் ரொம்பப் பாடுபட்டோம். பஞ்சு வைத்தால் பஞ்சாகவே தெரிகிறது. ஊதுபத்தி இழை மெல்லியது. கடைசியில் மதினி சாம்பிராணியைத் தணலில் போட்டுக் கொண்டுவந்தார். எஞ்சினுக்குப் பின்னால் மறைத்து வைத்து, ஒரு விநாடி திறந்து வைத்து எடுத்தால் புகை குழைந்து படிந்து வந்தது. சினிமாவில் சின்ன மாதிரிகளைப் படம் பிடிக்கும்போது வேகமாக எடுத்து மெதுவாக ஓட்டுவார்கள். புகையும் நீரும் நம் சொல்லுக்கு ஏற்றபடி சின்னதாக நடந்துகொள்ளாது, அதற்காக. எங்களுடையது அசையாத படம் என்பதால் சாம்பிராணியோடு தப்பித்தோம். வெள்ளிக்கிழமை வாசனையில் ஒரு கரி எஞ்சின்.

படம் நன்றாக வந்ததில்தான் அடுத்த பிரச்சினை ஆரம்பித்தது.

மாடியில் எடுத்த படங்களில் ஒன்றை அண்ணன் தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைகாட்டி மரத்தின் கை இறங்கியிருக்கிறது, எஞ்சின் புகையோடு உள்ளே வருகிறது, பாயிண்ட்ஸ்மேன் டோக்கன் வளையத்தை வாங்கக் கை நீட்டி நிற்கிறார். அவ்வளவுதான் படம். யாரோ அதை எடுத்து வேறு குழுவில் போட்டார்கள். நாலாம் நாள் அது எங்கள் கே.கே. நகர் காலை நடைக் குழுவுக்கே திரும்பி வந்தது. "1958-ல் போடி ரயில். அரிய புகைப்படம். பகிருங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

மறுநாள் தேனிப் பக்கத்திலிருந்து அண்ணனுக்கு ஒரு போன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எண்பதைத் தாண்டியவர். யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கியிருக்கிறார். "அந்த ஸ்டேஷன் எனக்குத் தெரியும் தம்பி. அந்த வேப்பமரத்தடியில உக்காந்துதான் சாப்பிடுவோம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வேப்பமரம், துளசிக் கொத்து.

அண்ணன் இரண்டு நாள் மாடிக்கே போகவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு பெரியவர் சந்தோஷப்பட்டார், நல்லதுதானே என்றேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கப்பா எழுத்து அவ்வளவா படிக்காதவர். ஆனா ஸ்டேஷன் மாஸ்டர் டிரெயின் ரெஜிஸ்டர் எழுதுறதைத் தினம் பார்ப்பார். வராத வண்டிக்கு நேரம் போட்டா அது பொய் ரெக்கார்டு, நாளைக்கு ஒண்ணு நடந்தா அந்தப் பொய்தான் சாட்சி சொல்லும்பார். இந்தப் படத்துல தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் இருக்கு? இடது பக்கம். ஏன்? வலது பக்கம் வச்சா ரூம் கதவு திறக்காது. நாளைக்கு ஒருத்தன் போடி லைனைப் பத்திப் புஸ்தகம் எழுதும்போது இந்தப் படத்தைப் பார்த்து, தொட்டி இடது பக்கம் இருந்துச்சுன்னு எழுதுவான். என் ரூம் கதவு சரித்திரமாயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் உள்ள நியாயம் ராத்திரி படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நிஜப் படங்கள் எக்கச்சக்கமாக இருந்தால் ஒரு போலிப் படம் ஒன்றும் செய்யாது. நாம்தான் எடுக்கவே இல்லையே. வெற்று இடத்தில் முதலில் வந்து உட்காருவதுதான் உண்மையாகிவிடும்.

இங்கிலாந்தில் ராய் இங்கிலாந்து என்ற பெயரிலேயே ஒருவர் இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-களில் அங்கே போனவர். தான் பார்த்த கிராமங்களில் பழைய கூரை வீடுகள் கண் முன்னால் மாறிப்போவதைக் கண்டு, அவற்றை அப்படியே சின்ன மாதிரிகளாகச் செய்து வைக்கத் தொடங்கினார். 1954-ல் ஆரம்பித்த பெண்டன் மியூசியம் அதிலிருந்து வளர்ந்தது. ரயிலும் உண்டு, ஊரும் உண்டு. அங்கே இருப்பவை நிஜ வீடுகளை நேரில் பார்த்து, அளவு குறித்துக்கொண்டு செய்தவை. அண்ணனுடையது அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு பையனின் ஞாபகத்திலிருந்து செய்தது. ஞாபகத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதை ஞாபகம் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அண்ணன் அந்தப் பெரியவருக்கு போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இது நிஜ ஸ்டேஷன் இல்லை, பிளைவுட் பலகை, நான் செய்தது என்று சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெரியவர் சிரித்தது எனக்கே கேட்டது.

"அதானே பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு, சிவப்பு வாளியை மட்டும் காணோமேன்னு யோசிச்சேன். ஸ்டேஷன் சுவத்துல மணல் வாளி வரிசையாத் தொங்குமே, மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தார். 11 வருடத்தில் ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. அன்று சாயங்காலமே பாசிமணியைப் பாதியாக வெட்டிச் சிவப்பு அடித்து, மெல்லிய கம்பியில் கைப்பிடி வைத்து நாலு தீயணைப்பு வாளிகள் செய்து சுவரில் மாட்டினார். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர். பெரியவர் அதற்குப் பிறகும் இரண்டு தடவை போன் செய்து திருத்தம் சொன்னார். அரிய புகைப்படம் என்று அவர் நம்பிக்கொண்டே இருந்திருந்தால் இதில் ஒன்றும் வந்திருக்காது.

இனி வெளியே போகும் படங்களை யாரும் நிஜம் என்று நினைக்காமல் இருக்க என்ன செய்வது? படத்தின் மூலையில் எழுத்தில் போடலாம் என்றேன். மூலையை வெட்டிவிடுவார்கள் என்றார். அது உண்மை. கடைசியில் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் பிளாட்பாரச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒய்.பி. எஞ்சினின் பெரிய சக்கரத்தின் விட்டம் நாலரை அடி. அறுபதில் ஒரு பங்கு 23 மில்லிமீட்டர். நாணயமும் கிட்டத்தட்ட அதே அளவு. சக்கரமும் ரூபாயும் அக்கம்பக்கத்தில் இருந்தால் எஞ்சின் எவ்வளவு பெரியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எஞ்சினை வெட்டாமல் நாணயத்தை வெட்டவும் முடியாது.

படத்தின் மாயம் கெட்டுவிடுமோ என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. கெடவில்லை. முதல் பார்வையில் ஸ்டேஷன் தெரிகிறது. பிறகு கண் நாணயத்தில் போய் நிற்கிறது. "அட, இது இவ்வளவுதானா!" என்று திரும்ப முதலிலிருந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். ஜல்லியைப் பார்க்கிறார்கள், வாளியைப் பார்க்கிறார்கள். நிஜப் படம் என்று நினைத்தவர்கள் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டுக் கைகூப்பி நகர்ந்துவிட்டார்கள். செய்தது என்று தெரிந்தவர்கள்தான் நின்று பார்க்கிறார்கள். 11 வருட உழைப்புக்கும் அப்போதுதான் மரியாதை.

மொத்தம் 41 படங்கள் தேறின. பிரிண்ட் போட்டு இரண்டு செட் வைத்திருக்கிறோம். ஸ்டேஷன் இருக்கும் மூன்று அடிப் பகுதி மட்டும் பெங்களூர் போகிறது. பால்கனியில் வைக்க மருமகள் இடம் ஒதுக்கியிருக்கிறார். மற்ற மூன்றையும் ரயில் பைத்தியம் பிடித்த ஒரு கல்லூரிப் பையன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் அதில் எதை மாற்றினாலும் அது அவன் பாடு.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, ரோல் செலவும் இல்லை. நீங்கள் தினமும் பார்க்கும் லெவல் கிராஸிங், டவுன் பஸ், ரேஷன் கடை, தெருமுனை டீக்கடை எதையாவது இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள். தேதியும் இடமும் எழுதி வையுங்கள். பழைய படம் எதுவும் கையில் இருந்தால் அதில் இருப்பது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்தவரை பின்னால் பென்சிலில் குறித்துவிடுங்கள். நமக்குப் பிறகு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.

அண்ணன் ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "மீட்டர் கேஜ் ஸ்டேஷன், மாதிரி. அளவு அறுபதில் ஒன்று. எடுத்த இடம் மதுரை கே.கே. நகர், மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி வலது பக்கம் இருக்க வேண்டும்."